ரயில் டிரைவருக்கு ஒரு சுருட்டு

அமெரிக்க மலைநாட்டுப் பாடல்கள் முதன்முதலில் இசைத்தட்டில் ஏறிய வரலாற்றை எழுதியவர்கள் யாரும், புதூருக்குக் கிழக்கே உள்ள ஓர் அம்மன் கோயிலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊருக்கு அப்போது நாளைக்கு இரண்டு தடவைதான் பேருந்து. அதிலும் ஒன்று வராது. விட்டுப்போனதை நான் எழுதிவைக்கிறேன்.

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் எழுத்தராக இருந்தேன். எனக்குத் தேதிப் பைத்தியம். கல்யாண வீட்டுக்குப் போனால் சாம்பார் வாளியில் வெட்டியிருக்கும் பெயரையும் வருஷத்தையும் படித்த பிறகுதான் இலையில் கை வைப்பேன். என் சிநேகிதர் ஒருவர் மைக் செட் கடை வைத்திருந்தார். இரண்டு ஆம்ப்ளிபயர், நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரிக்கார்டு பிளேயர், அளவு பார்க்க முடியாத தற்பெருமை, இவைதான் அவருடைய சொத்து.

எழுபத்தாறாம் வருஷம் அவர் கொடைக்கானலுக்குப் போய், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பாதிரியாரின் வீட்டுச் சாமான் ஏலத்தில் ஒரு மரப்பெட்டி நிறையப் பழைய ரிக்கார்டுகளை எடுத்துவந்தார். எல்லாம் வேதப் பாட்டு. கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஆகும் என்று சந்தோஷப்பட்டார். ஒன்றே ஒன்றில் மட்டும் கர்த்தரும் இல்லை, கோரஸும் இல்லை. ஒரு பிடில், அதன் கூடவே தறிகெட்டு ஓடும் பாஞ்சோ என்கிற தோல் கட்டிய தந்தி வாத்தியம், மூக்கால் பாடுகிற ஓர் ஆள்.

“என்ன அண்ணாச்சி, இவனுக்குச் சளியா?” என்றார் செட்காரர். “இதக் கல்யாணத்துக்குப் போடலாமா, காதுகுத்துக்குப் போடலாமா? கேட்டுச் சொல்லுங்க.”

சாயங்காலங்களில் அந்தக் கடையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, பாட்டு எனக்கு விளங்க ஒரு மாதம் ஆனது. ஒரு சரக்கு ரயில் மலைச்சரிவில் இறங்குகிறது. பிரேக் பிடிக்கவில்லை. மற்றவர்கள் குதிக்கிறார்கள். டிரைவர் குதிக்கவில்லை. ரயில் கவிழ்ந்து, கொதிக்கிற நீராவியில் வெந்து சாகிறார்.

“அப்ப ரெண்டுக்கும் ஆகாது” என்று செட்காரர் அதைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

எனக்கு அப்படி விட முடியவில்லை. லேபிளில் தேதி இல்லை. ஆபீஸ் வேலையாக மதராஸுக்குப் போகும்போதெல்லாம் ஒரு நூலகத்துக்குள் நுழைந்து, கிடைத்ததைப் படித்தேன். படித்தவரையில், இந்தப் பாட்டுகளைக் காப்பாற்றவேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. 1923இல் ஒரு மேசை நாற்காலி வியாபாரி சொன்னதற்காகத் தென்பகுதிப் பிடில்காரர் ஒருவரைப் பாடவைத்துப் பதிந்திருக்கிறார்கள். கம்பெனி ஆளுக்கு அந்தக் குரல் சகிக்கவில்லை. வியாபாரி மட்டும் விற்றுக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் தட்டுகள் போட்டுக் கொடுத்தார். வந்த வேகத்தில் தீர்ந்துபோயின. அதன் பிறகு அதே குரல் அவருக்குத் தேனாக இனித்தது. 1927இல் இன்னொரு கம்பெனி மலையடிவார ஊர் ஒன்றில், ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, வருகிறவர்களை எல்லாம் பாடச் சொன்னது. மின்சாரத்தை நம்ப முடியாததால், ஓர் எடைக்கல் கயிற்றில் மெல்ல இறங்க, அந்த இழுப்பில் மெழுகுத் தட்டு சுற்றியதாம். கல் தரையைத் தொடுவதற்குள் பாட்டு முடிந்தாகவேண்டும். முப்பது சரணத்தில் கொலைக்கதை பாடுகிறவனும் மூன்று நிமிஷத்தில் ஆளைக் கொன்று புதைத்துவிடவேண்டும்.

1925 வரைக்கும் மைக் கிடையாது. தகரப் புனலுக்குள் தலையை விட்டுக் கத்தவேண்டும். அதில் ‘ஸ்’ என்ற ஒலி சரியாக விழாது. நம்முடைய ஆளோ வார்த்தைக்கு வார்த்தை தாளிக்கிற மாதிரி ‘ஸ்’ போடுகிறார். ஆகவே 1925க்குப் பிற்பட்டது. இந்த முடிவை நான் செட்காரரிடம் அறிவித்தபோது, “இதுக்கா அண்ணாச்சி மதராசு வரைக்கும் போனீங்க?” என்றார்.

எழுபத்தேழு பங்குனியில் அந்தப் புதூர்ப் பக்கத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர்தான் செட்டு. எனக்கு லீவு, கூடப் போயிருந்தேன். உச்சிப்பொழுது. கோயில் முன்னால் சாமியாடி மஞ்சள் வேட்டியும் கையில் வேப்பங்குழையுமாக நிற்கிறார். நூறு ஆடு வைத்திருந்தவர். வருஷம் முழுக்கப் பரம சாது. உறுமி மேளக்காரர்கள் வந்த பேருந்து நாகலாபுரத்தில் படுத்துவிட்டது. கொட்டு இல்லாமல் அம்மன் வருவாளா? கூட்டம் வெயிலில் முணுமுணுத்தது. கொடை நடத்துகிற ஊர்ப்பெரியவர் செட்டுக் கொட்டகையைப் பார்த்துக் கத்தினார்.

“என்ன வே பாத்துக்கிட்டு நிக்கீரு? கொட்டு மாதிரி ஏதாவது போடும்!”

செட்காரர் பெட்டிக்குள் கையை விட்டார். பதற்றத்தில் அடியிலிருந்து ஒன்றை உருவி வைத்து ஊசியை இறக்கினார். நாலு குழாயிலும் பாஞ்சோ கிளம்பியது. நான் தலையில் கைவைத்தேன். சாமியாடியின் தோள் ஒரு தடவை குலுங்கியது. பிடில் ஏறியபோது அவரும் ஏறினார். குலவைச் சத்தத்தில் டிரைவர் செத்தது யார் காதிலும் விழவில்லை.

முடிந்ததும் ஊர்ப்பெரியவர் கொட்டகைக்கு வந்தார். “அது என்ன பாட்டு வே?”

செட்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “கொடைக்கானல்ல ஒரு தொரைக்கு அம்மை போட்டிருந்துச்சு. நம்ம ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டாரு. எறங்கிருச்சு. அந்தச் சந்தோசத்துல பாடுனது.”

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மேளம் நேரத்துக்கு வந்தாலும் சரி, துரை பாட்டு போட்டால்தான் அம்மன் இறங்குவாள். கல்யாணம், காதுகுத்து, தேர்தல் என்று அந்தப் பக்கத்து வேலையெல்லாம் கொடைக்குப் போட்ட செட்டையே தேடி வந்தது. செட்காரர் சட்டையில் பேனா குத்த ஆரம்பித்தார்.

எண்பத்தொன்றில் விளாத்திகுளத்திலிருந்து ஒரு பையன் கிளம்பினான். டேப் டெக்கு, கலர் கலராக ஓடுகிற சீரியல் பல்பு, பெல்பாட்டம் பேண்ட். அந்த வருஷம் லைட்டு அவனுக்கு, சத்தம் நம்மவருக்கு என்று ஊர் பிரித்துவிட்டது. அடுத்த வருஷம் எல்லாமே அவனுக்கு என்று பேச்சு.

“அந்த ரிக்கார்டு மட்டும் உம்மகிட்ட இல்லேன்னு வைய்யும், இந்த வருசமே அவனுக்குத்தான்” என்று ஊர்ப்பெரியவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். செட்காரர் அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கோவில்பட்டியிலேயே புதுப் புதுக் கடைகள் வந்து அவருடைய வேலையைத் தின்றுகொண்டிருந்தன. மிஞ்சியது புதூர்ப் பக்கம்தான். புதூர்ப் பக்கம் என்றால் அந்த ஒரு தட்டுதான்.

வெயிலில் வளையாமல் இருக்க அதை ஒரு சமுக்காளத்தில் சுற்றிக் கொட்டகைக் கட்டில்மேல் வைத்திருந்தார். கொடையன்று காலையில் ஊர்ப்பெரியவர் கொட்டகைக்குள் வந்தார். “அப்பாடா, என்னா வெயிலு” என்று சமுக்காளத்தின்மேல் உட்கார்ந்தார்.

நொறுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் பாதி எழுந்து கீழே பார்த்தார். “முறுக்கு வச்சிருந்தீரா வே?”

உட்கார்ந்தவர்தான் வேலை கொடுக்கிறவர். செட்காரர் என்ன சொல்ல முடியும்? “ஆமா அண்ணாச்சி, முறுக்குதான். நீங்க உக்காருங்க” என்றார்.

அவர் போன பிறகு சமுக்காளத்தைப் பிரித்தோம். மூன்று துண்டு. செட்காரர் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு என் தோள்பையைப் பார்த்தார்.

பையில் கேசட் இருந்தது. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இந்த வரலாற்றைப் பற்றி நான் பேசுவதாக இருந்தது. அதற்காகப் போன மாதம் ஒரு டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி, செட்காரர் கடைக் கதவைச் சாத்தி, அமெரிக்க முறைப்படிச் சுற்றிலும் சமுக்காளம் தொங்கவிட்டு, ரிக்கார்டை ஓடவிட்டுப் பிடித்திருந்தேன். இருந்தாலும் நடுவில் ஒரு பேருந்து ஹாரன் விழுந்திருந்தது.

கேசட் இருக்கிறது, போடுகிற டெக்கு பையனிடம் இருக்கிறது. செட்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு அவனிடம் போனார்.

“தம்பி, ஒம் டேப்பக் கொஞ்சம் தாயேன்.”

“கேசட்டுல உசுரு இல்லேன்னு ஊரெல்லாம் சொன்னீயளே அண்ணாச்சி?”

“இப்பமும் இல்லதான் வே. இன்னைக்கு ஒரு நாள் உசுரில்லாமலே பாடட்டும்.”

பையன் நல்லவன். சிரித்துக்கொண்டே வயரை இழுத்துக் கொடுத்தான். உச்சிப்பொழுது ஆனது. சாமியாடி தயாராக நின்றார். ஊர்ப்பெரியவர் கையைக் காட்டினார். செட்காரர் பொத்தானை அமுக்கினார்.

ஒரு விஷயத்தை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். தட்டுக்கு முந்தைய ஆரம்பகால மெழுகு உருளைகளில் பாட்டுக்கு முன்னால் ஓர் ஆள் விவரம் சொல்லுவது வழக்கம் என்று நான் படித்திருந்தேன். முறையை மீறக் கூடாது என்று கேசட்டின் தொடக்கத்தில் நானும் அப்படி விவரம் சொல்லியிருந்தேன். நாலு குழாயிலும் என் குரல் வந்தது.

“வணக்கம். இப்போது நீங்கள் கேட்கவிருப்பது அமெரிக்க மலைப்பகுதிப் பாடல் ஒன்று. ஒலிப்பதிவு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்துக்குப் பிற்பட்டது. சரக்கு ரயில் ஒன்று மலைச்சரிவில் கவிழ்ந்து, குதிக்க மறுத்த அதன் ஓட்டுநர் கொதிநீராவியில் வெந்து மாண்டதை இது கூறுகிறது.”

குலவை போட வாயெடுத்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

“அம்மை போட்ட தொரைன்னீரே வே!” என்றார் ஊர்ப்பெரியவர். “நாலு வருசமா எழவுப் பாட்டா போட்டீரு? ஆத்தா சந்நிதியிலயா?”

செட்காரர் வாயைத் திறந்தார். தன் ஆயுளில் முதல் தடவையாக அதற்குள் பொய் எதுவும் இல்லை. பாஞ்சோ தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விளாத்திகுளத்துப் பையன் தன் டெக்கை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

அப்போது சாமியாடி ஒரு சத்தம் போட்டார். மூன்று எட்டில் ஊர்ப்பெரியவர் முன்னால் வந்து நின்றார். கண் செக்கச் செவேல் என்று இருந்தது.

“ஏலே! வெந்து செத்தவனுக்கு என்னலே செஞ்சிய?”

ஊர்ப்பெரியவர் கையைக் கூப்பினார். “தாயே, எங்களுக்குத் தெரியாதே.”

“நாலு வருசமா அவன் சாவச் சொல்லி என்னைய ஆட வச்சிய. அவனுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்தியளா? கொலையில செத்தவனுக்கும் கெணத்துல விழுந்தவனுக்கும் கல்லு நட்டுக் கும்பிடுதிய. ரயில்ல வெந்தவன் என்னலே பாவம் பண்ணுனான்?”

“என்ன செய்யணும் தாயே?”

“வேப்ப மரத்தடியில ஒரு கல்லு. வருசா வருசம் ஒரு சுருட்டு. பாட்டு நிக்கப்படாது.”

செட்காரருக்கு உயிர் வந்தது. கொட்டகைக்குள்ளிருந்தே கேட்டார். “யாரு செட்டுல தாயே?”

அம்மன் திரும்பிப் பார்த்தாள். “அவன இங்கன கூட்டியாந்தவன் எவனோ, அவன் செட்டுல.”

செட்காரர் குழாய்க் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கேசட்டில் பேருந்து ஹாரன் அடித்தது, பாட்டு முடிந்தது.

சாயங்காலம் ஊர்ப்பெரியவர் என்னைத் தேடி வந்தார். “தேதிக்காரரே, அவிய பேரு என்ன? செத்த தேதி என்ன? கல்லுல வெட்டணும்.”

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஓர் ஊரே என்னிடம் ஒரு தேதி கேட்டது, என்னிடம் இல்லை. ஒலிப்பதிவு 1925க்குப் பிற்பட்டது என்பதுதான் தெரியும் என்றேன். “தெரிஞ்சத வெட்டுவோம்” என்றார். இன்றும் அந்த வேப்ப மரத்தடிக் கல்லில் பெயர் கிடையாது. ‘1925க்குப் பிற்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது. அவ்வளவு எச்சரிக்கையான கல்வெட்டு இந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

அடுத்த வருஷம் மதராஸ் நூலகத்தில் அந்த விபத்தைத் தேடினேன். 1924இல் ஒரு ரயில் விபத்துப் பாட்டு தட்டில் வந்து விற்றுத் தள்ளியிருக்கிறது. அதைப் பார்த்துப் பாட்டெழுதுகிறவர்கள் தினமும் பத்திரிகையைப் பிரித்து விபத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். விபத்து கிடைக்காத நாளில் எழுதாமலா இருந்திருப்பார்கள்? நம்முடைய ரயில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அது கவிழவே இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

திரும்பி வந்ததும் கடைக்குப் போய் இதைச் செட்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு மைக்குக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“அப்பிடி ஒரு டிரைவரே இல்லேங்கீங்க.”

“இருந்திருக்க வழியில்லை.”

“அண்ணாச்சி, போன பங்குனியில அவருக்கு நாந்தான் சுருட்டுப் பத்த வச்சேன். காத்து இல்ல. நான் வயரெல்லாம் சுருட்டிட்டு வந்து பாக்கேன், பாதி வரைக்கும் இழுத்திருந்தாரு.”