சும்மா வைத்த கை

தலைவலி பிடரியில் கிளம்பும். மண்டையின் பின்புறமாக ஏறும். வலக்கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. "ஸ்கேன்ல தலை சுத்தமா இருக்கு சார். வலி கழுத்துலேர்ந்து வருது" என்றார் காஞ்சிபுரத்து மருத்துவர். உத்திரமேரூர் இ-சேவை மையத்தில் ஊராரின் பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் நாளெல்லாம் குனிகிறவன் நான். மிச்ச நேரத்தில் கவிதைக்குக் குனிகிறவன். கழுத்தும் எத்தனைக்குத்தான் வளையும்?

அந்த மருத்துவமனையிலேயே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கழுத்து மூட்டுகளைக் கையால் அசைத்துக் கொடுத்தால் இந்தத் தலைவலி குறைகிறதா என்று பார்க்கும் ஆய்வு. பிசியோதெரபிப் பெண் என்னையும் மனைவியையும் உட்காரவைத்து விளக்கினாள். சிலருக்கு உண்மையான சிகிச்சை. சிலருக்கு அதே இடத்தில் கையை வைப்பார்கள், அழுத்த மாட்டார்கள். யாருக்கு எது என்று கடைசியில்தான் சொல்வார்கள்.

"அப்போ சும்மா கை வெச்சிட்டு அனுப்பிடுவீங்களா?" மனைவிக்குச் சிரிப்பு. "அதுக்கா பஸ்ஸு ஏறி இம்மாந்தூரம் வரணும்?"

நான் சேர்ந்தேன். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, என் கழுத்துக்குக் கிடைத்தது உண்மையான கைதான் என்று. குப்புறப் படுத்திருந்தேன். பிடரிக் குழியில் இரண்டு விரல்கள், குளிர்ந்தவை, அவசரமற்றவை. பாலாற்று மணலைத் தோண்டத் தோண்ட ஈரம் தட்டுமே, அப்படி உள்ளே ஏதோ கசிந்தது. வாரங்கள் போக வலி குறைந்தது. திரும்பும் பேருந்தில் ஓரிக்கை தாண்டியதும் தலையைத் திருப்பி வயல் பார்த்தேன். கவிதை எழுதினேன், 'அறிந்த கை' என்று. ஒரு சிறுபத்திரிகையில் வந்தது.

அதை மனைவியிடம் உரக்கப் படித்தேன். புல்லுக்கட்டை அப்போதுதான் தலையிலிருந்து இறக்கியிருந்தாள். சும்மாட்டுத் துணியை உதறியபடி கேட்டாள்.

"நல்லாத்தான் கீது. நானும் எத்தினி நாளு தைலம் போட்டுத் தேச்சேன். என் கைக்கு ஒரு வரி கெடையாதா?"

"உன் கை சொரசொரன்னு கீது. அந்தப் பொண்ணோடது படிச்ச கை."

அவள் மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆய்வு முடிந்த அன்று அந்தப் பெண் சொன்னாள், "சார், நீங்க சும்மா கை வெச்ச குரூப்பு."

"எனக்குச் சரியாயிடுச்சேம்மா!"

"அப்படியும் ஆகும் சார். வலி குறைஞ்சது நிஜம்தான்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குக் காது மடல் எரிந்தது. ஒன்றும் செய்யக் கூடாது என்று சொல்லி வைக்கப்பட்ட கைக்குக் கவிதையில் பாலாற்றையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் அச்சில்.

என் குழுவினருக்கு இனி உண்மையான சிகிச்சையை இலவசமாகத் தருவார்களாம். எனக்கு வலியே இல்லை. என் மாத்திரை அட்டையில் அவ்வப்போது ஒன்று குறையும்; "தலபாரம்யா" என்பாள் மனைவி. அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அவளை அழைத்து வரலாமா என்றேன். ஆய்வில் சேராது, ஆனால் பார்க்கிறேன் என்றாள் பிசியோதெரபிப் பெண்.

அழைத்து வர வேண்டுமானால் நடந்ததைச் சொல்ல வேண்டும். பேருந்தில் பொய்களாகத் தேடினேன், ஒன்றும் நிற்கவில்லை. வீட்டில் சொன்னேன். கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சும்மா வெச்ச கைக்கா பாட்டு கட்டுன?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"என் கை அழுத்துச்சேயா."

பிறகு எவ்வளவு கெஞ்சியும் வர மறுத்தாள். சில நாள் கழித்துக் களையெடுப்பை விட்டுவிட்டு நடுப்பகலில் திரும்பி வந்தாள். வலக்கண்ணை மூடியிருந்தாள். எனக்கு மூடுமே, அதே கண். "வா, போலாம்" என்றாள்.

பிசியோதெரபிப் பெண் அவளை மல்லாந்து படுக்கவைத்து, தலையை ஏந்தி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் பாதிக்கு மேல் போகவில்லை.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"கடைக்குட்டி பொறந்ததுலேர்ந்து."

கடைக்குட்டி இப்போது கல்லூரிக்குப் போகிறான்.

"வீட்ல சொல்லலியா?"

"எங்க வூட்ல தலவலி அவுருக்குத்தான்மா."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பால் விலை சொல்வதுபோலச் சொன்னாள். நான் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

சிகிச்சை முடிந்ததும் அவளைக் குப்புறப் படுக்கச் சொல்லி, அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "இந்தத் தசையை நீங்க வீட்ல தினமும் மெதுவா அழுத்தி விடணும் சார். வாங்க, காட்டறேன்." என் கட்டைவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

புல்லுக்கட்டு ஏறி ஏறி இறுகிய கழுத்து. கல்லாக இருந்தது. எத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறேன், இந்த இடத்தை நான் தொட்டதே இல்லை. விரல் நகரவில்லை.

கீழேயிருந்து, தலையணையில் புதைந்த குரல் வந்தது.

"இன்னாயா, நீயும் சும்மா வெச்சிக்கினு நிக்கிற?"