வெர்னாவின் இலையுதிர்கால நுரை

பள்ளிக்கூடத்தை மூடியபோது அதன் கேன்டீனும் போயிற்று. வெர்னா டிபெட்ஸின் வேலையும் போயிற்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடக்கே, காட்டை ஒட்டிய சிற்றூரில் ஐம்பது தாண்டியவளுக்கு வேறு வேலை யார் தருவார்கள்? ஆனால் பெரிய அண்டாக்களில் சூப் கிளறிய கை சும்மா இருக்க மறுத்தது. மாட்டுக் கொழுப்பை உருக்கி, காரக் கரைசல் சேர்த்து, ஷேவிங் சோப் காய்ச்சத் தொடங்கினாள். பிரஷ்ஷை நனைத்துச் சுழற்றினால் கெட்டித் தயிர் போல நுரை நிற்கும். அந்த விஷயத்தில் முதல் முறையே ஜெயித்துவிட்டாள்.

வாசனைதான் பிடிபடவில்லை. அவளுக்கு வேண்டியது தங்கள் ஊர் இலையுதிர்காலம். பட்டையும் கிராம்பும் போட்டுச் செய்த சோப்பை முடிதிருத்தும் நார்மனிடம் கொண்டுபோனாள். அவன் முகர்ந்து பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

"ஏம்மா வெர்னா, இதை மூஞ்சில தடவுறதா, காபில முக்கித் திங்கிறதா?"

கடையே சிரித்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவன் அங்கே அரட்டையடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் ராய்ஸ். மரம் வெட்டுகிறவன், நெஞ்சு வரை தாடி. "நம்ம காடு மாதிரியே மணக்குற சோப்பை இவ செஞ்சுட்டா, இந்தத் தாடியை வழிச்சுப் போட்டுடறேன்டா!" என்று தொடையில் தட்டினான்.

வீடு திரும்பும் வழியில் வண்டிக்குள் வெர்னா ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். "நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்க. ஞாபகம் வச்சுக்கோ."

அதற்கப்புறம் அவள் சமையலறை படாத பாடு பட்டது. பாசியின் சாரத்தைக் கூட்டினால் சதுப்பு நாற்றம் அடித்தது. புகை வாசத்துக்காக பிர்ச் மரத்தின் தாரைச் சேர்த்தால் தீப்பிடித்த வீடு மாதிரி ஆயிற்று. வீட்டு நாய் எழுந்து வெளியே போய்விட்டது. சோப்போடு கூடவே முயன்ற, சவரத்துக்குப் பின் தடவும் ஆஃப்டர்ஷேவ் மட்டும் பாதி தேறியது. இலையெல்லாம் கொட்டிய பிறகு மஞ்சளாகப் பூக்கும் விட்ச் ஹேசல் புதரின் குச்சிகளை வெட்டிவந்து, ஆவியில் வடித்து, அதன் நீரை வைத்துச் செய்தாள்.

நவம்பரில் ஒரு மாலை, விறகை அடுக்கிவிட்டு உள்ளே வந்த ராய்ஸ் அடுப்பில் என்ன என்று எட்டிப் பார்த்தான். வெர்னா சட்டென்று அவன் தாடியைப் பிடித்து மூக்கைப் புதைத்தாள்.

"ஏய், என்னடி பண்ற?"

"அசையாம நில்லு!"

ஊசியிலைப் பிசின், புகை, காய்ந்த சருகின் தூசி. எல்லாவற்றுக்கும் மேலே, மூக்கைச் சில்லென்று கிள்ளும் குளிர். இத்தனை நாளாய் மசாலா போட்டுப் போட்டுச் சோப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தோமே என்று உறைத்தது. கிராம்பைத் தள்ளிவைத்தாள். பிசினைக் கூட்டி, தாரில் ஒரே ஒரு துளி மட்டும் விட்டு, மென்தால் ஒரு சிட்டிகை சேர்த்தாள். சோப் இறுகியதும் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தவள் சமையலறையில் தனியாக நின்று "ஆஹா!" என்று கத்தினாள்.

மறு அக்டோபர் அறுவடைச் சந்தையில், தீயணைப்புப் படைக்கு நிதி திரட்ட நார்மன் நாற்காலி போட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தான். வெர்னா சோப்புக் கிண்ணத்தை அவன் முன் நங்கென்று வைத்தாள். அவன் பிரஷ்ஷைச் சுழற்றினான். நுரை எழுந்தது. கூடவே வாசமும். அவன் கை அப்படியே நின்றது.

"அடிப் பாவி... மான் வேட்டைக்கு விடிகாலைல காட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கே!"

கூட்டம் ராய்ஸின் பக்கம் திரும்பியது. அவன் மெல்ல நழுவப் பார்த்தான். "டேய் ராய்ஸ், வந்து உட்காருடா!" என்று நாலா பக்கமும் கூச்சல். கிண்ணத்தில் மூக்கை வைத்தான். நெடுநேரம் அதை வெளியே எடுக்கவில்லை. பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நீட்டினான்.

கத்தரி முதலில் ஓடியது, பிறகு கத்தி. வெண்ணெயில் இறங்குவதுபோல அது கம்பி போன்ற முடியை வழித்தது. கடைசி வரை நுரை அடங்கவில்லை. ஆஃப்டர்ஷேவை நார்மன் அறைந்து தடவியதும் ராய்ஸ் "ஐயையோ!" என்று துள்ளினான். நெற்றி வெயிலில் கறுத்திருக்க, கன்னம் பீங்கான் தட்டு மாதிரி பளபளத்தது.

கல்யாணத்தன்றும் தாடியோடு நின்றவன். வெர்னா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"யாருய்யா நீ? பரவாயில்லையே, அழகாத்தான் இருக்க!"

"ஜெயிச்சுட்டடி," என்றான் ராய்ஸ், வழவழத்த முகவாயைத் தடவியபடி. "மோந்த உடனே தெரிஞ்சுபோச்சு."

மத்தியானத்துக்குள் அவள் மேசை காலி. அதே நார்மன் கடைக்கு மொத்தமாகக் கேட்டான். "காபில முக்கித் திங்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

இன்று ஆற்றங்கரையில் பழைய பேக்கரியை எடுத்து, தன் பெயரில் பலகை மாட்டி, ஊர் ஊருக்கு அனுப்புகிறாள். போன வாரம் அரிசோனாவிலிருந்து ஒருவர் போனில் கேட்டார்: "உங்க ஊரு நெஜமாவே இப்படித்தான் மணக்குமாங்க?"

"அக்டோபர்ல வந்து பாருங்க," என்றாள் வெர்னா. "ஸ்வெட்டரை மறந்துடாதீங்க."