கரும்பலகையின் வலது மூலை

தண்ணீர் தெளித்த சிமெண்ட் தரையில் சாக்பீஸ் தூள் நனைந்து எழும்பும் வாசனை. ஸ்ரீராம்புரத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த தமிழ்ப் பள்ளியின் காலைகள் அதனோடுதான் தொடங்கின. மணி அடிக்குமுன் வகுப்பைத் தெளித்துப் பெருக்கி வைப்பவள் ராணி, கடைசி பெஞ்சுக்காரி. அவளுடைய அம்மா கார்ப்பரேஷனில் தெருக்கூட்டும் வேலையில் இருந்தார்.

நான் வகுப்பின் "லீடர்". டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதி, மறுபடி பேசினால் பக்கத்தில் கோடு போடுவது என் அதிகாரம். கோட்டுக்கு ஒன்றாக அடி விழும். அந்த ஆண்டு கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோன மேரி மிஸ், முதல் நாளே அந்தப் பட்டியலை அழித்தார். "தப்பு பண்ணவங்க பேரு எதுக்கும்மா? நல்லது பண்ணவங்க பேர எழுது" என்று வலது மூலையில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார்.

பலகையில் எழுதியது போதாதென்று, தேதி, பெயர், செயல் எனக் கோடு கிழித்து ஒரு நோட்டிலும் ஏற்றினேன். பென்சில் கொடுத்தவன், அழுதவளைத் தேற்றியவள், ஒருநாள் பெருக்கிய உமா என்று பக்கங்கள் நிரம்பின. அடிக்குப் பயந்து அடங்கியிருந்த வகுப்பு மெல்ல ஒருவரையொருவர் கவனிக்கத் தொடங்கியது.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் மிஸ் நோட்டை வாசிக்கச் சொன்னார். பெயர் வந்தவர்கள் எழுந்து நிற்க, கைதட்டினோம். கடைசியில் ராணி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், எம் பேரு வர்லயே. டெய்லி நான்தான பெருக்குறேன்?"

நான் முந்திக்கொண்டேன். "அது அவ வேலதான மிஸ்? அவங்கம்மாவும் அதான செய்றாங்க."

வகுப்பு சிரித்தது. "சக்கத்தா சொன்னா லீடரு!" என்று கன்னடச் சொல் கலந்து மெச்சினான் முன்பெஞ்சு குமார். மிஸ் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி ஒரு வரியில் விரலை வைத்தார். "உமா ஒருநாள் பெருக்குனத எழுதியிருக்கியே. அது யார் வேலம்மா?"

ராணி பெயரைச் சேர்த்து எழுதச் சொன்னார். "தேதி வரிசை கெட்டுடும் மிஸ்" என்றேன்.

"விடுங்க மிஸ்" என்றாள் ராணி.

மறுநாள் அவள் துடைப்பத்தைத் தொடவில்லை. மிஸ் எல்லோருக்கும் முறை வைத்தார். என் முறை வந்த நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிட்டேன். எனக்குப் பதிலாக ராணிதான் பெருக்கினாள் என்று உமா சொன்னாள். அதையும் நான் எழுதவில்லை.

இப்போது மல்லேஸ்வரத்தில் நானே ஆசிரியை. என் வகுப்பிலும் அந்த வலது மூலைக் கட்டம் உண்டு. அடிக்காமல் ஒரு வகுப்பை ஒன்றாக்குவது எப்படி என்று சென்ற வாரம் புதிய ஆசிரியைகளிடம் பேசியபோது, அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டுக் கைதட்டினார்கள். ராணியைப் பற்றி நான் சொல்லவில்லை. ஸ்ரீராம்புரத்துப் பள்ளி மூடியாயிற்று. பலகைகள் வெள்ளையாகி, சாக்பீஸ் வாசனையும் போய்விட்டது. பேச்சு முடிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது, ஹாலைப் பெருக்க வந்த அம்மாள் "மேடம், கொஞ்சம் காலு" என்றார். நோட்டிலிருந்து கண்ணெடுக்காமலே கால்களைத் தூக்கிக்கொண்டேன்.

அன்றைய நாட்குறிப்பில் வந்தவர்கள், கேள்வி கேட்டவர்கள், காபி கொண்டுவந்தவர் வரை எல்லாப் பெயர்களும் ஒழுங்காக இருக்கின்றன. அந்த அம்மாள் ஆறு வருடமாக எங்கள் பள்ளியில் பெருக்குகிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.