வக்கீலுக்கு ஒரு சிவப்பு அட்டை

புதிதாக வந்த நாயின் கூண்டுக்கு முன்னால், ஈரத் தரையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, சிஸ்டர் வாடகை வீட்டு விளம்பரங்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். "ரெண்டு ரூம், முதல் மாடி, தண்ணி வசதி உண்டு." கூண்டுக்குள்ளிருந்து உறுமல். "பிடிக்கலையா? சரி, விடு. கீழ் வீடு, தனி வாசல்." உறுமல் கொஞ்சம் இறங்குகிறது. பத்து நிமிடம் போனதும் ஈரமான மூக்கு ஒன்று கம்பி வழியாக வந்து அவருடைய பின்கழுத்தை முகர்ந்து பார்க்கிறது. அதற்கப்புறம்தான் அவர் திரும்புவார். "பஸ்ல எதிர் சீட்டுக்காரன் நம்மளையே உத்துப் பாத்தா நமக்கு எரிச்சல் வருதில்ல? நாய்க்கு மட்டும் வராதா?" என்பது அவர் கட்சி.

விலங்குகள் காப்பகத்தில் அவருக்குக் கால்நடை மருத்துவ உதவியாளர் வேலை. மனித ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததில்லை என்றாலும் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். பார்க்க வருகிறவர்கள் பச்சைச் சட்டையைக் கண்டு "டாக்டர்" என்று கும்பிட்டால் உடனே திருத்துவார். "டாக்டர் உள்ள இருக்காங்க. நான் அவங்களோட மூணாவது கை." அந்த மூன்றாவது கைக்குத்தான் காலையிலிருந்து ஓய்வில்லை. காய்ச்சல் பார்க்க வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், ஆபரேஷனுக்கு வயிற்று முடியைச் சிரைக்க வேண்டும், மாத்திரையை வாழைப்பழத்தில் ஒளித்துக் கொடுக்க வேண்டும். பழத்தை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைக் காலடியில் துப்புகிற பூனையிடம் "நீ படிச்சவ, உன்னை ஏமாத்த முடியாது" என்று தோல்வியை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

கூண்டுகளில் தொங்குகிற அட்டைகள் அவருடைய இலாகா. எடை, வயது, போட்ட ஊசி, குணம் என்று நான்கு வரி. முதல் மூன்றை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். குணத்தை அவர்தான் எழுதுவார். "குளிக்கச் சொன்னால் காது கேட்காது." "பெரியவர்களிடம் பணிவு உண்டு. சைக்கிளிடம் கிடையாது." "முதல் நாள் முகம் கொடுக்க மாட்டாள். இரண்டாம் நாள் மடியை விட்டு இறங்க மாட்டாள்." நாய் வேண்டுமென்று வருகிறவர்கள் நாயைப் பார்ப்பதற்கு முன்னால் அட்டையைப் படித்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்பியதில்லை. நாய்களுக்குப் பெயர் வைப்பதும் அவர்தான். வலது காது பாதி போன பழுப்பு நிற நாய் ஒன்றுக்கு வக்கீல் என்று பெயர். எதிர்க் கூண்டு குரைத்து முடிக்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகே பதில் குரைப்பதால் அந்தப் பட்டம்.

வீட்டில் கணவர், நர்சிங் கடைசி வருடம் படிக்கும் மகள், ஒரு பூனை. கணவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறார். பசை நாற்றத்தோடு வந்து, மனைவியின் நாய் நாற்றத்தைக் குறை சொல்வார். "நாய்ங்ககிட்ட பேசற குரல்ல எங்ககிட்டயும் ஒருநாள் பேசேன், கேட்டுட்டுக் கண்ண மூடிடறேன்" என்பது அவருடைய நிரந்தர மனு. பூனையோ, சிஸ்டர் வந்ததும் அவர் காலை முகர்ந்து, அன்றைக்கு எத்தனை நாயைத் தொட்டார் என்று தெரிந்துகொண்டு, மகளின் அறைக்கு நடையைக் கட்டிவிடும்.

எல்லாரையும் போல அவருக்கும் ஒரு பெருமை உண்டு. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாயும் அவரைக் கடித்ததில்லை. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். குறை ஒன்றும் இல்லாத மனுஷிக்கு அந்த ஒரு குறையையாவது விட்டுக் கொடுக்கலாம் என்று காப்பகத்தில் எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தப் பெருமைதான் ஒரு புதன்கிழமை அவர் காலை வாரிவிட்டது. புதிதாக வந்த மேனேஜர், நல்ல மனிதர், முன்பு ஒரு பார்சல் கம்பெனியில் இருந்தவர், ஆபரேஷன் தியேட்டரைப் பார்க்க ஆசைப்பட்டு பச்சைத் தொப்பியோடு வந்து நின்றார். வக்கீலுக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து தையலும் போட்டாயிற்று. டாக்டரம்மா கை கழுவப் போனார். குழாயை எடுக்கும் வேலைதான் பாக்கி.

மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு மூச்சுக்காக வாய் வழியே ஒரு குழாய் செருகியிருப்பார்கள். தெளிகிற நேரத்தில் அது எச்சிலை விழுங்கும். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அப்போது குழாயை உருவிவிட வேண்டும். முந்தினால் நாய்க்கு மூச்சுத் திணறும். பிந்தினால் தாடை தானாக மூடிக்கொள்ளும். அதற்கு நினைவும் இருக்காது, கோபமும் இருக்காது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவரே சிஸ்டர்தான். "தொண்டைய விட்டுக் கண்ண எடுக்காதீங்க. உங்க வீடே தீப்பிடிச்சாலும் சரி, முதல்ல குழாய், அப்புறம் வீடு" என்பார்.

அன்றைக்கு எந்த வீடும் தீப்பிடிக்கவில்லை. ஒரு கையால் குழாயைப் பிடித்தபடி, முகத்தை மேனேஜர் பக்கம் திருப்பி, "பத்தொம்பது வருஷம் சார், ஒரு கீறல் கிடையாது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வக்கீலின் தொண்டை ஏறி இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. தாடை மூடிக்கொண்டது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரத்தம்.

"ஐயையோ, கடிச்சிடுச்சே!" என்று மேனேஜர் கத்தினார். டாக்டரம்மா ஓடி வந்து குழாயை எடுத்து, காயத்தைக் கழுவி, "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது மேனேஜர்தான் முந்திக்கொண்டார். "நான் பக்கத்துலதான் நின்னேன். சும்மா இருந்தவங்கள லபக்குன்னு பிடிச்சிடுச்சு." சிஸ்டர் வாயைத் திறந்தார். பீற்றிக்கொண்டிருந்த அதே வாயால், அதே மனிதர் எதிரில், 'இல்லை சார், நான்தான் கவனிக்கவில்லை' என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. வெட்கம்தான், வேறென்ன. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

காப்பகத்தில் ஊழியரைக் கடித்து ரத்தம் வரவழைத்த நாய்க்குச் சிவப்பு அட்டை. பத்து நாள் கண்காணிப்பு, அதன் பிறகு பின் வரிசைக் கூண்டு. பின் வரிசைக்குப் பார்வையாளர் யாரும் போக முடியாது. அங்கே போன நாய் யார் வீட்டுக்கும் போனதில்லை, அங்கேயே கிழடாகும். அட்டை எழுதும் ஆள் சிஸ்டர் என்பதால் இந்த அட்டையும் அவர் கைக்கே வந்தது. வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால், கோணல் மாணலாக, குணம் என்ற இடத்தில் ஒரே சொல் எழுதினார்: "கடிக்கும்." இவ்வளவு சுருக்கமாக அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. கை வலிக்குது பாவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பாவம்தான் அவரை அதிகமாக வதைத்தது. கூண்டு கழுவுகிறவர் டீ வாங்கி வந்து கொடுத்தார். வாட்ச்மேன், "உங்களையே கடிச்சிருச்சுன்னா அது நாயே இல்ல சிஸ்டர், பேய்" என்று தேற்றினார். மேனேஜர் இரண்டு நாள் லீவு தருவதாகச் சொன்னார். லீவை மறுத்தவர், டீயை மறுக்க முடியாமல் குடித்தார். வக்கீலின் கூண்டு இருந்த பக்கம் போகாமல் சுற்று வழியில் மருந்து அறைக்கு நடந்தார்.

வீட்டில் மகளை ஏமாற்ற முடியவில்லை. வெள்ளிக்கிழமை கட்டு மாற்றும்போது அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, நாய் பாஞ்சு கடிச்சா கையில, மணிக்கட்டுலதானே படும்? இது என்ன, கட்டைவிரல் ஒண்ணு, ஆள்காட்டி ஒண்ணு? பேனா பிடிக்கிற மாதிரி எதையோ பிடிச்சிட்டு இருந்திருக்க."

"பஞ்சை இறுக்கி வை. பேச்ச குறை."

"குழாய லேட்டா எடுத்தியா?"

சிஸ்டர் மறு கையால் பஞ்சுச் சுருளை எடுத்து நீட்டினார். கணவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். மகள் கட்டை முடிந்துவிட்டு, அந்தக் கையைத் தன் மடியிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். இரவெல்லாம் சிஸ்டர் புரண்டு புரண்டு படுத்ததில் கணவருக்கும் தூக்கம் போயிற்று.

சனிக்கிழமை பஸ் டிரைவர் வந்தார். மூன்று வாரமாக, ஓய்வு நாளில் தவறாமல் வந்து வக்கீலின் கூண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். அவர் மனைவிக்குக் காது கேட்காது. இவர் டியூட்டிக்குப் போய்விட்டால் வாசலில் யார் வந்து நின்றாலும் அந்தம்மாளுக்குத் தெரிவதில்லை. வக்கீலிடம் ஒரு பழக்கம் உண்டு: யாராவது உள்ளே வந்தால் பக்கத்தில் இருப்பவரின் பாதத்தில் தன் முன்னங்காலை வைத்து அழுத்தும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து டிரைவருக்கு வேறு நாயே கண்ணில் படவில்லை. ஆபரேஷன் முடியட்டும், கூட்டிப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அந்தம்மாள் கையில் புதுக் கழுத்துப்பட்டை.

மருந்து அறையில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டருக்கு, வெளியே மேனேஜர் பேசுவது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"மன்னிச்சுக்கோங்க சார். இது இப்ப சிவப்பு அட்டை. வேற நாய் பாருங்க, நிறைய இருக்கு."

"மூணு வாரமா பாக்கறேன் சார். ஒரு உறுமல்கூடக் கிடையாதே."

"எங்க சிஸ்டரையே கடிச்சிருக்கு. பத்தொம்பது வருஷத்துல முதல் தடவை."

சிஸ்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். "சார், அது கடிக்கல."

"என்ன சிஸ்டர், நானே பாத்தேனே?"

"நீங்க பாத்தீங்க. தொண்டைய நான் பாக்கல. குழாய எடுக்க வேண்டிய நேரத்துல உங்ககிட்ட பீத்திக்கிட்டு இருந்தேன். அது மயக்கத்துல வாய மூடுச்சு. நடுவுல என் விரல் இருந்துச்சு, அவ்வளவுதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

மேனேஜர் தலையைச் சொறிந்தார். விதிமுறைப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். "அப்படின்னா அது உங்க கவனக்குறைவுன்னு ஆகும் சிஸ்டர். மூணு மாசம் தியேட்டர் பக்கம் வரக் கூடாது. புது ஆளுங்களோட உக்காந்து பயிற்சி வகுப்பும் கேக்கணும்."

"சரி சார்."

"வகுப்பு எடுக்கறது யாரு?"

"நான்தான் சார்."

மேனேஜர் சற்று யோசித்தார். "டாக்டரம்மாவ எடுக்கச் சொல்றேன்" என்றார். சிரிக்காமல் சொன்னார். மூன்று மாதம் தியேட்டர் இல்லை என்பது சிஸ்டருக்குச் சின்ன விஷயமல்ல. அந்த மேஜை ஓரத்தில் நின்றுதான் அவர் வயது ஏறியிருக்கிறது. கண் கலங்கியது. கலங்கியதை மறைக்கவும் இல்லை.

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மனைவிக்குப் புரியவில்லை. நடந்த பேச்சு எதுவும் அந்தம்மாள் காதில் விழவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தவை சிவப்பு அட்டையும், அதில் எழுதியிருந்த ஒற்றைச் சொல்லும், சிஸ்டரின் கையில் இருந்த கட்டும்தான். டிரைவர் கையை ஆட்டி, வாயைக் கோணி, குழாய் என்றும் தூக்கம் என்றும் ஏதேதோ சாடை காட்டினார். பாவம், அவர் காட்டக் காட்ட நாய் இன்னும் பயங்கரமாகத் தெரிந்திருக்கும். அந்தம்மாள் கழுத்துப்பட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். வீட்டில் நாள் முழுக்க இதனோடு தனியாக இருக்கப் போகிறவர் அவர்தானே. "அவளுக்குப் பயமா இருந்தா வேணாம் சிஸ்டர்" என்று டிரைவர் மெல்லச் சொன்னார்.

சிஸ்டர் கூண்டைத் திறந்து உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வக்கீல் எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. இடது கையால் அதன் மேல் தாடையைத் தூக்கி, கட்டுப்போட்ட வலது கையை அதன் பற்களுக்கு நடுவில் வைத்தார். வக்கீல் அசையவில்லை, எச்சில் மட்டும் துணிக்கட்டின் மேல் வழிந்தது. இடது கையை எடுத்துவிட்டார். வலது கையை எடுக்கவில்லை. முதுகு வலித்தும், மேனேஜர் "சிஸ்டர், போதும்" என்று இரண்டு தரம் சொல்லியும், அந்தம்மாள் கூண்டுக்குள் வந்து தன் பக்கத்தில் உட்காரும்வரை எடுக்கவில்லை.