காலியாக இருந்த கோப்பு

ஸ்பாக்ஸ் நகரத்தில் ஒருவர் மவுத்தானால் ஜனங்கள் முதலில் திறந்து பார்ப்பது ஹயாத்தின் மரண அறிவிப்பு இணையப் பக்கத்தைத்தான். ஜனாஸா தொழுகை எந்தப் பள்ளிவாசலில், நாற்பதாம் நாள் ஓதுதல் எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் வரும். ஹயாத் கெர்க்கென்னா தீவில் பேய்க்கணவாய் பிடிக்கிறவரின் மகள். ஆறு வருடமாக, மசாலாக் கடைக்கு மேல் மாடியில் மொன்ஜியோடு சேர்ந்து அந்தப் பக்கத்தை நடத்தினாள். தேதியைக் கொடுத்தால் நாற்பதாம் நாளைத் தானே எண்ணிப் போடும் டேக் என்கிற சின்ன நிரல் ஒன்றை எழுதியது மொன்ஜி. அந்த மொன்ஜிதான் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான்.

நாளைக்கு அவனுக்கே நாற்பது. காலையிலேயே அவன் அறிவிப்பைப் போட்டாள். பக்கம் வரவில்லை. அவன் எழுதிய டேக் தொகுப்பு பதிவிலேயே இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

மறுபடி அழுத்தினாள். இல்லை. இன்னொரு முறை. இல்லை. நாலாவது தடவை பக்கம் பளிச்சென்று வந்தது, மொன்ஜியின் படத்தோடு, சரியான தேதியோடு. அடுத்த தடவை மறுபடி சிவப்பு.



பக்கத்துக்குப் படம் வரைந்து கொடுக்கிற ஸ்லீம் அடுத்த மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, மொன்ஜி உள்ளேயே உக்காந்திருக்கானா? நாலு தடவை கூப்பிட்டா ஒரு தடவைதான் வர்றான். உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானே?"

"வாயை மூடுடா. அவன் உம்மா ஃபோன் பண்ணிட்டே இருக்காங்க."

மறுபடி ஃபோன் அடித்தது. மொன்ஜியின் தாய் மப்ரூக்கா. ஹயாத்துக்குக் கால்தி, சின்னம்மா முறை. "மகளே, பக்கத்துல போட்டாச்சா? தெருக்காரங்க அதைப் பார்த்துத்தான் வருவாங்க. முப்பது பேருக்குக் குஸ்குஸ் வைக்கச் சொல்லிட்டேன். யாரும் வரலைன்னா என் பிள்ளைக்கு யாரு ஓதுவா?"

"லுஹர் தொழுகைக்குள்ள வந்துரும் கால்தி."

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டேக் எழுதிய கோப்பு இடத்தில் இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தது. பக்கத்தின் தலையில் அதைக் கூப்பிடும் வரியும் இருந்தது. எல்லாம் இருந்தும் சர்வர் அவனைத் தெரியாது என்றது.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. இறந்தவர் துணிமணியை நாற்பதுக்குள் பிரித்துக் கொடுத்துவிடுவது வீட்டு வழக்கம். அன்று கால்தி அவன் சட்டைகளைக் கொடுத்தாள். ஹயாத் அவன் கோப்புகளை ஒதுக்கினாள். எழுத்து உள்ளதையெல்லாம் வைத்துக்கொண்டு, உள்ளே ஒன்றுமே இல்லாததையெல்லாம் தூக்கிப் போட்டாள். அவற்றில் ஒன்று டேக் இருக்கும் ஃபோல்டரின் வாசல் கோப்பு. உள்ளே ஒரு எழுத்தும் இருக்காது. ஆனால் அது இருந்தால்தான் இந்தப் பழைய சர்வர் அந்த ஃபோல்டரை ஒரு பொருட்டாக மதிக்கும்.

"அப்ப நாலுல ஒண்ணு எப்படி வருது?" என்றான் ஸ்லீம்.

அவள் ஓடுகிற வேலைகளின் பட்டியலைத் திறந்தாள். நாலு இருந்தன. பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு அழுத்தலும் முறை வைத்து அவற்றில் ஒன்றுக்குப் போகும். மூன்று, அந்தக் கோப்பு போன பிறகு, நேற்று ராத்திரி தானே புதிதாகத் தொடங்கியவை. நாலாவது இரண்டு மாதமாக ஓடுகிறது. அதைத் தொடங்கியவன் பெயர் மொன்ஜி என்று அதற்கு நேரே இருந்தது. அழிந்த கோப்பைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு அது இன்னும் நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

காலிக் கோப்பை மறுபடி உண்டாக்க ஒரு நொடி போதும். ஆனால் எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கினால்தான் அது ஏறும். மொன்ஜி தொடங்கிய அந்த நாலாவதையும் சேர்த்து.

"அதை மட்டும் விட்டுர முடியாதா?" என்றாள், தனக்கே சொல்வது போல.

ஸ்லீம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நாலு பேர்ல ஒருத்தர் பார்த்தாப் போதுமாக்கா? கால்தி முப்பது பேருக்கு வைக்கிறாங்க."

அவள் காலிக் கோப்பை உண்டாக்கி, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, நாலையும் நிறுத்தித் தொடங்கும் பொத்தானை அழுத்தினாள்.

பக்கம் வந்தது. அழுத்தினாள், வந்தது. அரை மணி கழித்துக் கால்தி அழைத்தாள். "பார்த்துட்டாங்களாம் மகளே! கீழ்த்தெரு ஹாஜி கூட வர்றாராம்."

"சரி கால்தி" என்றாள் ஹயாத். ஃபோனை வைத்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள். இருபது, முப்பது தடவை. ஒரு தடவைகூடச் சிவப்பு வரவில்லை.

"என்னக்கா பாக்குறே? அதான் சரியாயிருச்சே" என்றான் ஸ்லீம்.

"ஆமா" என்றாள். மறுபடி அழுத்தினாள்.