நாலு பேருக்கான சர்வர்

கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த சினிமாப் படங்களை டிவியில் பார்க்க, ஒரு குட்டி சர்வர் வாங்கலாம் என்று இன்று பனச்சமூடு போனேன்.

கடைக்காரர் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றைக் காட்டினார். "ஒரு பல்பு எரியுத கரண்டு போரும் இதுக்கு. வீட்டுல ஒரே நேரம் எத்தன பேரு பாப்பிய அண்ணே?"

ரேஷன் கார்டில் உள்ளது வாயில் வந்துவிட்டது. "நாலு பேரு உண்டு."

"அப்பம் இது திணறுமாக்கும். பெருச எடுங்க."

மனைவி, மகளின் பிரசவத்துக்குத் துபாய் போய் ஆறு மாதம். மகன் பெங்களூரில். கடைக்காரரிடம் இதையா விளக்குவது? பெரியதையே, நாலு பேர் பெயரையும் அதில் பதிந்து வாங்கி வந்தேன்.

டிவியைப் போட்டால் நாலு பெயரையும் காட்டி, "யார் பார்க்கிறீர்கள்?" என்கிறது.

வீட்டுக்குள் இன்று என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். இதைப் படிக்கும் நீங்களும் ஏதாவது கேட்டு வையுங்கள்.