என் மகளை 'வளர்த்த' மதினி

இன்று கல்முனையில் ஒரு புடவைக்கடையில் மதினியைக் கண்டோம். என் கணவரின் ராத்தா, மூத்த சகோதரி அவர்.

என் மகளின் தோளில் கைபோட்டபடி அங்கிருந்த பெண்களிடம் சொன்னார்: "இவளச் சின்னதில நான்தான் வளத்தெடுத்த."



எண்பத்து நான்கில் என் கணவர் செங்கமாரி எனும் மஞ்சட்காமாலை முற்றி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் அவரோடு நிற்க வேண்டும். வீட்டில் ஒன்பது வயது மகள், ஏழு மாத மகன். கையில் காசில்லை. மதினியிடம் போய் அழுதேன்.

"ஆஸ்பத்திரிச் செலவுக்கு நாங்க தாறம். மூத்தவள அனுப்பு. கைப்புள்ளயப் பாக்க எங்களால ஏலா," என்றார்.

அந்தக் கிழமைதான் அவருடைய வேலைக்காரி வேலையை விட்டு நின்றிருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மகனை எடுத்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு நெசவுக்காரி. தறிக்குப் பக்கத்திலேயே ஏணை கட்டினாள். "தறிச் சத்தத்தில நல்லா உறங்குறான், நீ போ," என்றாள். அவள் இன்றுவரை யாரையும் வளர்த்ததாகச் சொன்னதில்லை.

இரண்டு மாதம் கழித்து மகளைக் கூட்டிவரப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் அனுப்பவில்லை. பிள்ளையின் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது.

இன்று மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஓம் மாமி. உங்கட தண்ணித் தொட்டி நிரம்ப எத்தின வாளி வேணுமென்டு எனக்கு இன்னும் பாடம்."

மதினியின் முகம் மலர்ந்தது. பெண்களின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, புள்ள ஒன்டையும் மறக்கல்ல."

இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எனக்கு நாற்பது வருடமாக வரவில்லை.